ராசாவின் கடைசி விருத்தம்

பதினாலு வருடக் கலியாண வாழ்க்கையில் குருசுமுத்து தன் மனைவி பிலோமினம்மாவிடம் சோறு கேட்டிருக்கிறார், சுருட்டுக்கு நெருப்புக் கேட்டிருக்கிறார், சாரம் தோய்த்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் மட்டும் கேட்டதில்லை. இனியும் கேட்பதில்லை என்று அந்தத் திங்கட்கிழமை காலை கிணற்றுக்கட்டில் இருந்தபடி முடிவெடுத்தார். கேட்காமலே அறிந்துகொள்ள ஒரு வழி அவருடைய மூளையில் உதித்திருந்தது. அவருடைய மூளையில் எது உதித்தாலும் அதற்கு வேலை செய்து முடிப்பது தான்தான் என்பது பிலோமினம்மாவின் அனுபவம்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. ஊர்காவற்றுறைக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் கரையூரில் ஆண்களுக்குத் தொழில் இல்லை. காரைநகர்ப் பக்கமிருந்து நேவி கடலைப் பூட்டி வைத்திருந்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வள்ளக்காரர்கள் வீட்டில் மல்லாந்து கிடந்தார்கள். இப்படியே விட்டால் ஊரில் வெட்டுக்குத்து வரும் என்று கண்ட, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பத்திநாதர், பெட்டியைத் திறந்து, கோயில் திருநாளுக்கு ஆடப் பழைய கூத்தேடு ஒன்றை வெளியே எடுத்தார். 'செம்பொன்மகுடன் நாடகம்'. கர்வம் பிடித்த ராசா ஒருவன் உலகத்தை வென்று, எல்லாவற்றையும் இழந்து, முடிவில் திருந்துகிற கதை. வழக்கமாக விடிய விடிய ஆடுவார்கள். இந்த முறை ஊரடங்குக்குப் பயந்து, மத்தியானம் தொடங்கிப் பொழுதுபட முன் முடிப்பதென்று தீர்மானம். அதனால் அண்ணாவியார் நடுவில் கொஞ்சம் வெட்டி, முடிவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ராசா வேடம் குருசுமுத்துவுக்கு. அவருடைய குரல் அப்படி. கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். முடி சூட்டிய கையோடு ஒரு படம் எடுத்து, பிரான்சில் இருக்கிற தமையனுக்கு அனுப்ப வேண்டும் என்று படக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒழுங்கையில் இருக்கிற பதினேழு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் ராசா இல்லை என்றால் ஒழுங்கையால் நடக்க ஏலாது.

ஆனால் இடையில் ஒரு கண்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளுடுப்பு. கூத்துக்கு முன் எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டி, கோயில் வாசலில் ஊரைக் கூட்டி வைத்துப் பாடிக்காட்டுகிற நாள். பத்திநாதரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பாட்டைப் பாடினால் மட்டும் போதாது, அவர் கேட்கிற இடத்தில் அர்த்தமும் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாமல் பாடுகிறவன் கிளிப்பிள்ளை, கிளிப்பிள்ளைக்கு முடி எதற்கு என்பார். தடுமாறுகிறவனுடைய வேடம் அடுத்தவனுக்குப் போய்விடும். ராசா வேடத்துக்கு அடுத்தவன் அம்புறோஸ், பிலோமினம்மாவின் தம்பி. மைத்துனன் முடி சூடுவதைக் கீழே இருந்து பார்ப்பதைவிட நேவியிடம் பிடிபடலாம் என்று குருசுமுத்து நினைத்தார்.

கண்டத்துக்குள் இன்னொரு கண்டம், கூத்தின் சொற்கள். அந்த ஊரில் முழு ஏட்டை எவர் கையிலும் கொடுப்பதில்லை. அவரவர் பாட்டை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். முன்னால் பாடுகிறவன் என்ன சொன்னான், பின்னால் வருகிறவள் என்ன கேட்கிறாள் என்பது தெரியாது. தன் பாட்டைத் தானே விளங்கிக்கொள்ள வேண்டும். குருசுமுத்துவுக்கோ எழுத்தைக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை ஐந்தாம் வகுப்பு என்று சொன்னார்கள். அவர் மூன்றாம் வகுப்பில் ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. இது பதினாலு வருடமாகக் காத்த இரகசியம்.

ஆகவே அவர் கண்டுபிடித்த வழி இது. கொப்பியோடு குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"இஞ்சேரும், நீர் கொன்வென்ற்றிலை எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனீர் எண்டு கலியாணம் பேசேக்கை கொப்பர் சொன்னவர். உண்மையோ பொய்யோ?"

பிலோமினம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "பதினாலு வருசம் கழிச்சு என்ன திடீர் விசாரணை?"

"ஒரு சோதினை வைச்சுப் பாப்பமெண்டு. நான் சொல்லுக் கேப்பன், நீர் அர்த்தம் சொல்லவேணும். பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுவன்."

"சரியெண்டால்?"

"சரியெண்டு சொல்லுவன்."

"கேளுங்கோ."

"தாரணி."

"உலகம்."

குருசுமுத்து கொப்பியைப் பார்ப்பது போலப் பார்த்து, தலையை ஆட்டினார். "சரி. மௌலி?"

"முடி. ராசா தலையிலை வைக்கிறது."

"சரி. புரவி?"

"குதிரை."

"பரவாயில்லையே. வரை?"

"மலை."

"புயம்?"

"தோள்."

இப்படி ஒரே இருப்பில் பதினெட்டுச் சொல். வாத்தியாருக்கு உள்ளே குளிர்ந்தது. மாணவி ஒரு சொல்லுக்கும் யோசிக்கவில்லை. பத்தொன்பதாவது சொல் வந்தது. 'ஆழியொலி தாரணியை ஆளும் வீரன்' என்ற அடியில் இருந்தது.

"ஆழி?"

பிலோமினம்மா வெட்டின மீனைச் சட்டிக்குள் போட்டாள். கையைக் கழுவினாள். ஒருதரம் புருசனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"அகப்பை," என்றாள்.

"சரி," என்றார் குருசுமுத்து. "கெட்டிக்காரி."

பன்னிரண்டு வயதில் கடலில் இறங்கி, நாற்பத்திரண்டு வயது மட்டும் கடலிலே கிடந்த மனிதர், ஆழி என்றால் அகப்பை என்று ஒப்புக்கொண்டார். அகப்பைச் சத்தம் ஓயாத நாடு என்றால் விருந்துக்குக் குறைவில்லாத நாடாக இருக்கும் என்று தனக்குள் ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார். பிலோமினம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் கொஞ்சம் குலுங்கியதை அவர் புகையென்று நினைத்தார்.

பிறகு அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். அந்த வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்கு நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போக வேண்டும். ஒரு மைல் தூரம். ஒரு நாளைக்கு மூன்று நடை. பதினாலு வருடமாக அவள்தான் போகிறாள்.

"வாத்தியார் ஒரு நடை போனால் நான் இன்னும் இருபது சொல்லுக்கு மறுமொழி சொல்லுவன். எனக்கு முழங்கால் நோகுது. கடலும் பூட்டிக் கிடக்கு, நீங்கள் வீட்டிலைதானே இருக்கிறியள்."

"ஆம்பிளை குடம் தூக்கிறதோ? கரையிலை நிக்கிறவங்கள் சிரிப்பாங்கள்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. போய்விட்டாள். அவள் மறுபேச்சுப் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்பதை அவர் பதினாலு வருடத்தில் படித்திருக்கலாம். அதுவும் மூன்றாம் வகுப்புக்கு மேலே வருகிற பாடம் போலிருக்கிறது.

செவ்வாயும் சோதனை நடந்தது. புதன்கிழமை பின்நேரம் பிலோமினம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு அண்ணாவியார் வீட்டுக்குப் போய், பொழுதுபடுகிற நேரம் திரும்பி வந்தாள். வலது கைச் சுட்டுவிரலில் நீலம்.

"என்ன விரலிலை?"

"நாவற்பழம்."

அது நாவற்பழக் காலம்தானா என்று குருசுமுத்து யோசிக்கவில்லை. அவர் ராசா. ராசாக்களுக்குப் பழத்தைப் பற்றி என்ன கவலை?

வியாழக்கிழமை இடி விழுந்தது. கரையில் அம்புறோஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். காது கொடுத்துக் கேட்டால் ராசாவின் பாட்டு. அண்ணாவியார் பாடிக் காட்டியபோது காதால் பிடித்திருக்கிறான்.

"உனக்கேன் ராசாவின்ரை பாட்டு?" என்றார் குருசுமுத்து.

"சும்மா, அத்தான். ஒரு ஆயத்தத்துக்கு. நல்ல பாட்டு. ஆழியொலி தாரணி. கடற்சத்தம் கேக்கிற உலகம். எங்களைப்போல ஆக்களுக்கெண்டே எழுதினமாதிரி இருக்கு."

"கடலோ?"

"ஆழியெண்டால் கடல்தானே. அக்காவிட்டைக் கேட்டனான். கேட்டால் சொல்லுவாதானே."

குருசுமுத்து வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் இருந்துவிட்டார். தம்பிக்குக் கடல். புருசனுக்கு அகப்பை. வீட்டுக்குப் போய் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கலாம். கேட்டால், நீங்கள் ஏன் சரியென்று சொன்னியள் என்று அவள் கேட்பாள். வாயைத் திறந்தாலும் மானம் போகும், மூடினாலும் முடி போகும். ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்.

அந்த இரண்டு நாளும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. படித்த நாற்பத்தாறு சொல்லில் எது மெய், எது பொய்? சங்கக்கடை மனேச்சரிடம் போய், "புரவியைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்றார். மனேச்சர் குதிரை பற்றிப் பேசினார். புரவி மெய். கோயில் மணியடிக்கிற சங்கிலித்தாமிடம் மௌலி பற்றிப் பேச்சுக் கொடுத்தார். மௌலி மெய். இப்படியே ஊரெல்லாம் சுற்றி, தபாற்காரனை மறித்து, பள்ளிக்கூட வாசலில் நின்று, ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்த்தார். ஆழியைத் தவிர மற்ற எல்லாம் மெய். அது இன்னும் பயமாக இருந்தது. ஒரு பொய் சொன்னவள் இன்னொன்றை எங்கே வைத்திருக்கிறாளோ?

சனிக்கிழமை காலை அண்ணாவியார் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டார். ராசா கோயில் வாசலில் நேர்த்தி எடுக்கிற விருத்தம். இந்த நேர்த்தி விசயத்திலும் அந்த ஊருக்கு ஒரு வழமை உண்டு. கோயில் வாசலில் வேடக்காரன் பாடுகிற நேர்த்தி, ஆடுகிறவனையே சேரும். ஒருமுறை மந்திரியாக ஆடினவர் 'கள்ளைத் தொடேன்' என்று பாடிவிட்டு, ஒரு வருடம் முழுக்கத் தவறணையைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்து நடந்தார். ஊர் காவல் பார்த்தது.

குருசுமுத்து எழுத்தைக் கூட்டி வாசித்தார்.

வைகல்தொறும் வைகறையில் கூவல் நாடி
வரைப்புயத்தில் குடங்கரினைத் தாங்கிச் சென்று
மைக்குழலாள் என்தேவி மனையில் சேர்ப்பேன்
மறுதிருநாள் வருமளவும் மறவேன் ஆணை

நல்ல கம்பீரம். ஆனால் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. வேறு வழியில்லை. கதிரையைக் குசினி வாசலுக்கு இழுத்தார்.

"கடைசிச் சோதினை. வைகல்?"

"நாள். வைகல்தொறும் எண்டால் ஒவ்வொரு நாளும்."

"வைகறை?"

"விடியப்புறம்."

"கூவல்?"

"கிணறு."

குருசுமுத்து நிமிர்ந்தார். "குடங்கர்?"

"குடம்."

"முழுக்கச் சொல்லும்."

பிலோமினம்மா அவரை நேரே பார்த்துச் சொன்னாள். "ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கிணத்தடிக்குப் போய், குடத்தைத் தோளிலை சுமந்துகொண்டு வந்து, என்ரை பெண்சாதியின்ரை வீட்டிலை சேர்ப்பன். வாற திருநாள் மட்டும் மறக்கமாட்டன். சத்தியம்."

குருசுமுத்துவுக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. ஒரு கிழமையாக இருந்த பயமெல்லாம் பறந்துவிட்டது. இதுதான் அந்த இரண்டாவது பொய். இதற்காகத்தான் மற்றதெல்லாம் மெய்யாகச் சொல்லி வந்திருக்கிறாள். செம்பொன்மகுடன் உலகத்தை வென்ற ராசா. அவன் தண்ணி அள்ளுவானா? பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

"பிழை," என்றார் நிதானமாக. அந்தக் கிழமையில் அவர் சொன்ன முதல் பிழை அது. "முழுப் பிழை. கொன்வென்ற்றிலை நீர் என்ன படிச்சனீரோ தெரியாது."

"நான் தெரிஞ்சதைச் சொன்னன்," என்றாள் அவள். "நம்பாட்டி விடுங்கோ."

அவர் நம்பவில்லை. தானே அர்த்தம் பண்ணினார். கூவல் என்றால் போர்க்கூவல், வேறென்ன? குடங்கர் என்பது ஒரு ஆயுதம், கதாயுதம் மாதிரி. மலைபோன்ற தோளில் கதாயுதத்தை வைத்துக்கொண்டு, கூவிக்கொண்டு போய், வென்ற நாட்டை ராணியின் காலடியில் சேர்க்கிறான். இதுவல்லவோ ராசா. தனக்கு இவ்வளவு மூளை இருக்கிறதென்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. வெள்ளை வேட்டியோடு வேடக்காரர் வரிசையாக நின்றார்கள். பத்திநாதர் மத்தளத்தைத் தட்டினார். காலாட்படைத் தலைவன் ஒரு சொல்லில் தடுமாறி அந்த இடத்திலேயே வாயிற்காவலன் ஆனான். குருசுமுத்துவுக்கு வேட்டி நனைகிற அளவுக்கு வியர்த்தது.

அவருடைய முறை வந்தது. தாரணி கேட்டார்கள், சொன்னார். மௌலி, புரவி, எல்லாம் சொன்னார். ஆழி கேட்டார்கள். "கடல்," என்றார், பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தபடி. பிலோமினம்மா முக்காட்டைச் சரி செய்தாள்.

"கடைசி விருத்தம்," என்றார் பத்திநாதர்.

குருசுமுத்து பாடினார். அந்தக் குரலில் கோயில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின. 'மறவேன் ஆணை' என்று அவர் கையை உயர்த்தியபோது கிழவிகள் நெஞ்சில் சிலுவை போட்டார்கள்.

"இனி அர்த்தம்."

குருசுமுத்து சொன்னார். போர்க்கூவல், கதாயுதம், நாடு, ராணியின் காலடி. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது ஊர் பேசாமல் நின்றது. மெச்சுகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தார். பத்திநாதர் மத்தளத்தைக் கீழே வைத்தார்.

"அம்புறோஸ், நீர் சொல்லும்."

அம்புறோஸ் சொன்னான். கிணறு, குடம், தோள், பெண்சாதி வீடு. சொல்லுக்குச் சொல் பிலோமினம்மா சனிக்கிழமை சொன்ன அதே அர்த்தம். பத்திநாதர் தலையை ஆட்டினார். "கர்வம் அடங்கின ராசா ராணிக்குத் தண்ணி சுமக்கிறான். அதுதானே கதையின்ரை முடிவு. குருசுமுத்து, வழமை உமக்குத் தெரியும். வேடத்தை அம்புறோசுக்கு விடும்."

முடி போகிறது. படம் போகிறது. பதினேழு வீடும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்புறோஸ் வேறு, "பரவாயில்லை அத்தான், எனக்கு இன்னும் பெண்சாதி இல்லைத்தானே, அக்காவுக்கு ஒரு வருசம் தண்ணி சுமக்கிறது எனக்குப் பாரமில்லை," என்கிறான். அந்த நேரத்தில் குருசுமுத்துவின் மூளையில் மறுபடியும் ஒன்று உதித்தது.

"பொறுங்கோ அண்ணாவியார். எனக்கு அர்த்தம் தெரியும். நேற்றே தெரியும். மனுசியைக் கேட்டுப் பாருங்கோ."

ஊர் பிலோமினம்மாவைப் பார்த்தது. "ஓம்," என்றாள் அவள். "நேற்று முழு அர்த்தமும் கேட்டவர்."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னீர்?" என்று பத்திநாதர் குருசுமுத்துவைக் கேட்டார்.

"ஊருக்கு முன்னாலை வாயாலை சொல்லிப் பெருமை அடிக்கிறதோ எண்டு நினைச்சன். செய்து காட்டுவமெண்டு இருந்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. அதற்குள் கிழவிகள், "எவ்வளவு நல்ல மனிசன்," என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பத்திநாதருடைய முகம் மலர்ந்தது. முடி குருசுமுத்துவுக்கே என்றார். நேர்த்தி பாடியாயிற்று, விடியக் கிணற்றடியில் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார்.

"சைக்கிளிலை கட்டிக்கொண்டு வரலாமோ, அண்ணாவியார்?" என்று குருசுமுத்து மெல்லக் கேட்டார்.

"வரைப்புயத்தில் எண்டு இருக்கு. தோள். சைக்கிள் எண்டு எழுதேல்லை."

கூத்து நன்றாக நடந்தது. ஊரடங்குக்கு முன் முடிக்க வேண்டியிருந்ததால் ராசா நாற்பது நிமிடம்தான் முடியோடு இருந்தார். படமும் எடுத்தார்கள், அதில் கண்ணை மூடியிருக்கிறார். வெள்ளுடுப்புக்கு மறுநாளே விடிய எழும்பிக் குடத்தைத் தோளில் வைத்தவர், அன்று தொடக்கம் ஒரு நாளும் விடவில்லை. விட ஏலாது. கிணற்றடியில் பெண்கள், "ராசா வாறார், வழி விடுங்கோ," என்பார்கள். முதல் கிழமை கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் கிழமை அவர்களுடைய பெண்சாதிமார் அவர்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு மாதம் பொறுத்தார். தோள் காய்த்துப் போனது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு நேரே அண்ணாவியார் வீட்டுக்குள் நுழைந்தார்.

"அந்த ஏட்டைக் காட்டுங்கோ. அந்தக் கடைசி விருத்தத்தை எழுதின புலவன் ஆரெண்டு நான் அறியவேணும். செத்தவனெண்டாலும் பரவாயில்லை."

பத்திநாதர் ஏட்டை எடுத்து விரித்தார். கடைசித் தாள் இருந்த இடத்தில் கறையான் அரித்த ஓட்டை மட்டும் இருந்தது.

"முடிவு இல்லாமல் கூத்து ஆடுறதெப்பிடி? என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருக்கேக்கை, உமது மனுசி கீரை கொண்டு வந்தவ. கேட்டுப் பாத்தன். இருந்த இருப்பிலை எழுதித் தந்தவ. ஒரு சீர் பிசகில்லை. நல்ல புலமை. உமக்குச் சொல்லயில்லையோ?"

குருசுமுத்து வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினார். பிலோமினம்மா குசினி வாசலில், அவர் சோதனை வைக்கிற அதே கதிரையில், காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். முழங்கால் நோ போய்விட்டதாக ஊரில் சொல்லித் திரிகிறாளாம்.

"அந்தப் பாட்டு நீரோ எழுதினனீர்?"

"ஓம்."

"ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேக்கயில்லையே."

அவர் காய்த்த தோளைத் தடவினார். பிறகு ஒரு ஆறுதல் கண்டுபிடித்தார். "சரி, போகட்டும். மறுதிருநாள் மட்டும்தானே. உம்முடைய பாட்டிலேயே இருக்கு. பிறகு என்னை ஒருத்தரும் கேக்க ஏலாது."

"ஓம், அதுவும் சரிதான்," என்றாள் பிலோமினம்மா. "வாற வருசக் கூத்துக்கும் அண்ணாவியார் என்னைத்தான் முடிவு எழுதச் சொன்னவர். நீங்கள்தானே ராசா?"

குருசுமுத்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்த மற்ற வெறுங்குடத்தை எடுத்துத் தோளில் வைத்தார்.